ஐயாயிரம் ரூபாய்க்குப் பழைய டெலஸ்கோப்: சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு வேறு

பொங்கல் முடிந்த வாரத்தில் ஏற்காட்டிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். “மாமா, ஐயாயிரம் ரூபா சேர்த்து வெச்சிருக்கேன். பழைய டெலஸ்கோப் ஒண்ணு வாங்கலாமா, இல்ல இன்னும் சேர்த்துப் புதுசாவே வாங்கிக்கட்டுமா?” என்றான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த ஆசை. பழையதே வாங்கலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். எதை வாங்குவது என்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

பழையது என்று துணிந்து சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பைக் என்றால் எஞ்சின் தேய்ந்திருக்கும், பழைய போன் என்றால் பேட்டரி போயிருக்கும். லென்ஸ் தேயாது. பூஞ்சை பிடிக்காமலும் கீறல் விழாமலும் இருந்தால், பத்து வருடம் பரணில் கிடந்த டெலஸ்கோப்பும் வாங்கிய அன்று காட்டியதை அப்படியே காட்டும். நம் பக்கத்தில் விலைக்கு வருபவற்றில் பல அப்படிக் கிடந்தவைதான். 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் ஈரோடு, கரூர், திருச்சி வழியாகப் போனபோது பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்தவர்கள் உண்டு. பிள்ளை வளர்ந்து காலேஜுக்குப் போயாயிற்று, பொருள் பரணுக்குப் போயாயிற்று. அதே ஐயாயிரத்துக்குப் புதிதாகத் தேடினால் சின்ன லென்ஸும் மேஜைமேல் ஆடுகிற குட்டைக் காலும் கொண்ட விளையாட்டுச் சாமான்தான் பெரும்பாலும் அமையும்.

போய்ப் பார்த்தவை நான்கு. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் 70 மி.மீ. அகல லென்ஸ் டெலஸ்கோப், குவியத் தூரம் (லென்ஸிலிருந்து படம் குவியும் இடம் வரை உள்ள தூரம்) 700 மி.மீ.; 4,500 சொல்லி 3,500க்கு இறங்கி வந்தார்கள். நாமக்கல்லில் 114 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப் (லென்ஸுக்குப் பதில் குழிந்த ஆடி வெளிச்சத்தைக் குவிக்கும் வகை), எடைக்கல் மாட்டிய ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு 6,000. ஆத்தூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் கையால் செய்த ஆறு அங்குல (150 மி.மீ.) டாப்சோனியன், அதுவும் கண்ணாடி வகைதான், 8,000. கடைசியாக, செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் பத்து மடங்கு காட்டும் 50 மி.மீ. பைனாகுலர், 1,500.

நான்கில் எது நல்லது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொன்னால் சொல்லிவிடலாம். நான் இருப்பது சேலம் அம்மாபேட்டையில், இரண்டாவது மாடிக்கு மேல் மொட்டை மாடி. அவன் இருப்பது ஏற்காட்டில் நாகலூர் பக்கம், வாசலைத் தாண்டினால் காபித் தோட்டம். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரமும்தான். ஆனால் டெலஸ்கோப்புக்கு இவை இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

சேலத்து வானத்தில் பால்வெளி தெரியாது. அதே சமயம், நிலாவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் தெருவிளக்கு ஒரு தடையே இல்லை. சேலத்து ஐந்து ரோடு சந்திப்பில் நின்று பார்த்தாலும் சனியின் வளையம் வளையம்தான். நகரத்தில் படுத்துவது வெளிச்சத்தைவிடச் சூடு. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பதினொரு மணி வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மாசி மாதம் தொடங்கிவிட்டால் எட்டு மணிக்கு வியாழனைப் பிடித்துப் பாருங்கள், ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். அந்த நேரத்தில் ஆறு அங்குலக் கண்ணாடி வைத்திருந்தாலும் 70 மி.மீ. லென்ஸ் காட்டுவதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. விடியற்காலை நான்கு மணிக்கு அதே மாடியில் காற்று அடங்கிக் கிடக்கும்; அப்போது பெரிய கண்ணாடிக்கு மதிப்பு உண்டு. எத்தனை பேர் நான்கு மணிக்கு எழுந்திருப்பார்கள்?

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். தோட்டத்து ஓரத்தில் வானம் கறுப்பாக இருக்கிறது. மங்கலான பொருள்கள், அதாவது நெபுலா என்ற வாயு மேகங்கள், விண்மீன் கொத்துகள், நம் பால்வெளி போன்ற பக்கத்து அண்டங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். அவற்றுக்கு வேண்டியது உருப்பெருக்கத்தைவிட வெளிச்சத்தை அள்ளும் வாய். 150 மி.மீ. கண்ணாடி 70 மி.மீ. லென்ஸைப் போல நாலரை மடங்கு வெளிச்சத்தை வாங்கும். அந்த வித்தியாசம் சேலத்தில் வீணாகும், ஏற்காட்டில் வீணாகாது. ஒரே ஒரு குறை: சேலத்தின் வெளிச்சம் தெற்கு அடிவானத்தில் பந்தல் போட்ட மாதிரி நிற்கும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று இரவில் ஊரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அழகான காட்சிதான், ஆனால் நட்சத்திரம் பார்க்க அந்தப் பக்கம் போகக் கூடாது.

இனி ஒவ்வொன்றாக.

நாமக்கல் 114ஐ முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்வைக்கு மயக்குவது அதுதான். பளபளக்கும் குழாய், கியர், எடைக்கல், திருகுகள். அடுத்த தெருக்காரர் பார்த்தால் காவலூர் வானியல் ஆய்வகத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததா என்று கேட்பார். பையனுக்கும் கண் அதன்மேல்தான். நான் டேப் எடுத்துக் குழாயை அளந்தேன். அரை மீட்டர். ஒட்டியிருந்த லேபிளில் குவியத் தூரம் 1,000 மி.மீ. என்று இருந்தது. இந்த வகைக் கண்ணாடி டெலஸ்கோப்பில் குழாயின் நீளமும் குவியத் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பாதிதான் இருக்கிறது என்றால், படத்தைத் தெளிவாக்க முன்னும் பின்னும் நகரும் ஃபோக்கஸர் குழலுக்குள் ஒரு சின்ன லென்ஸை வைத்துக் குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேர்டு-ஜோன்ஸ் என்று இந்த அமைப்புக்குப் பெயர். கவனமாகச் செய்தால் நன்றாக வரக்கூடிய யோசனைதான். மலிவு விலையில் செய்யும்போது படம் எப்போதும் ஒரு சுற்று மசமசப்போடு நிற்கும். கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதும் சிரமம், அந்த லென்ஸ் குறுக்கே நிற்பதால். அதே 114 மி.மீ. அளவில் 900 மி.மீ. குவியத் தூரமும், குழாயும் கிட்டத்தட்ட அந்த நீளமும் உள்ள பழைய மாடல்கள் உண்டு. அவை நல்லவை, கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்டாண்டு இன்னொரு தொல்லை, அது நம் ஊருக்கே உரிய தொல்லை. ஈக்வடோரியல் ஸ்டாண்டின் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால், அப்புறம் ஒரு திருகை மட்டும் திருப்பி நட்சத்திரத்தைத் தொடரலாம். ஐரோப்பாவில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். சேலம் 11.7 பாகை வடக்கில் இருக்கிறது, ஆகவே நமக்கு அது அடிவானத்திலிருந்து 11.7 பாகை உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டியை மூடி அடிவானத்தின்மேல் வைத்தால், முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அந்த வடக்குப் பக்கத்தில் நமக்கு என்ன இருக்கிறது? சேர்வராயன் மலை. அடிவாரத்தை ஒட்டியிருப்பவர்களுக்கு மலையே மறைத்துவிடும். ஊருக்குள் இருப்பவர்களுக்குப் புழுதியிலும் விளக்கு வெளிச்சத்திலும் கரைந்துவிடும். சரி, குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அச்சைப் பதினொரு பாகைக்கு இறக்கினால், அது ஏறக்குறையப் படுத்துக்கொள்கிறது, எடைக்கல் கம்பி ஸ்டாண்டின் காலில் வந்து முட்டுகிறது. நாமக்கல் வீட்டு வராந்தாவிலேயே அதைச் செய்து காட்டினேன். டங் என்று முட்டிய சத்தத்தில் பையன் முகம் விழுந்துவிட்டது. அவன் கேட்டது நியாயமான கேள்வி: “அப்ப இதை நம்ம ஊர்ல யாருமே வாங்கக் கூடாதா மாமா?” நல்ல கனமான ஸ்டாண்டும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். முதல் டெலஸ்கோப்பாக, ஆறாயிரத்துக்கு, வேண்டாம்.

அஸ்தம்பட்டி 70 மி.மீ.க்கு வருவோம். மேலே லென்ஸ், கீழே கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸ், நடுவில் வெறும் குழாய். நேர்ப்படுத்தும் வேலை அநேகமாகக் கிடையாது. சூடு ஆறக் காத்திருக்கவும் வேண்டாம், கொண்டுபோய் வைத்துப் பத்து நிமிடத்தில் பார்க்கலாம். நிலாவின் ஓரத்தில் ஊதாக் கோடு மெலிதாகத் தெரியும், அது இந்த வகை லென்ஸின் இயல்பு. 20 மி.மீ. ஐபீஸ் போட்டால் 35 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் மடங்கு, இவ்வளவுதான் கணக்கு. பெட்டிமேல் 525 மடங்கு என்று அச்சடித்திருந்தது. லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல இரண்டு மடங்குதான் உச்ச வரம்பு, 70க்கு 140. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கில், நாலு சென்டிமீட்டர்கூட இல்லாத லென்ஸில்.

பழைய லென்ஸ் டெலஸ்கோப் வாங்கும்போது ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். இது நான் பட்டது. எட்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிய 70 மி.மீ. எதைப் பார்த்தாலும் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போலவே இருந்தது. ஐபீஸ் மாற்றினேன், துடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் லென்ஸைச் சாய்த்து அதில் ஜன்னலின் பிம்பத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முன்னால் வைத்திருந்தவர் துடைப்பதற்காகக் கழற்றி, திருப்பிப் போட்டிருக்கிறார். அது ஒரே லென்ஸ் மாதிரி தெரியும், உள்ளே இரண்டு கண்ணாடிகள். நடுவில் காகிதக் கனத்தில் மூன்று சின்னத் தகடுகள் இருக்கும். நன்றாகப் புடைத்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். வளையத்தைக் கழற்றி, இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துப் பிடித்துத் திருப்பிப் போட்டேன். அன்றிரவு சனியின் வளையத்துக்கும் கோளத்துக்கும் நடுவில் கறுப்பு இடைவெளி தெரிந்தது. கீழே ஓடிப்போய் வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். ஆகவே, லென்ஸ் மசமசப்பாக இருக்கிறது என்று யாராவது ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால், முதலில் இதைப் பாருங்கள். அதே மாதிரி, நீங்கள் கழற்ற நேர்ந்தால் இரண்டு கண்ணாடிகளின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள்.

பூஞ்சையைக் கண்டுபிடிக்கச் செல்போன் டார்ச் போதும். லென்ஸின் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் தூசி புள்ளிகளாகத் தெரியும், பயப்படத் தேவையில்லை; எந்த லென்ஸிலும் டார்ச் அடித்தால் தூசி தெரியத்தான் செய்யும். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. வெளிப் பக்கத்தில் ஒரு ஓரமாக என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படர்ந்திருந்தால் வந்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி டெலஸ்கோப்பின் உண்மையான குறை அதன் கால். அலுமினியக் குழாயில் மூன்று கால். தொட்டால் ஐந்து விநாடி ஆடும். நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கோள்களும் ஓரியன் மாதிரி விண்மீன் கூட்டங்களும் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே போகும். குழாயை அவ்வளவு செங்குத்தாக நிமிர்த்தினால் இந்த ஸ்டாண்டுகளில் அதன் பின்பக்கம் காலில் இடிக்கும், நாம் தரையில் உட்கார்ந்து கழுத்தை முறிக்க வேண்டிவரும். வழி என்னவென்றால், கோள் உதித்து ஏறிவரும்போதோ உச்சி தாண்டி இறங்கும்போதோ பார்ப்பது. ஆட்டத்துக்கும் வைத்தியம் இருக்கிறது. காலை நீட்டவே நீட்டாமல், முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று காலும் சேரும் தட்டிலிருந்து மஞ்சப்பை ஒன்றில் நாலு கிலோ மணல் போட்டுத் தொங்க விடுங்கள். பை தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், காற்றில் ஊசலாடக் கூடாது. மணல் கட்டிய அன்றைக்கு என் டெலஸ்கோப்பின் ஆட்டம் ஒரு விநாடிக்கு வந்துவிட்டது.

ஆத்தூர் டாப்சோனியனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் அது ஒரு மனிதரின் உழைப்பு. பிளைவுட் பெட்டிக்குள் பி.வி.சி. குழாய், அடியில் 150 மி.மீ. கண்ணாடி, குவியத் தூரம் 1,200. சுழலும் இடத்தில் மைக்கா ஒட்டிய பலகை டெஃப்லான் துண்டுகள்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கியர் இல்லை, திருகு இல்லை, ஒரு விரலால் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண இயக்கத்து வேதாந்த சங்கத்தின் மடங்களில் 23 வருடம் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து ஆடியாக்கி, தெருவோரத்தில் வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலாவைக் காட்டியவர். காசில்லாதவர்களும் பெரிய கண்ணாடியில் வானம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம், அது ஆத்தூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆசிரியர் மூடியைத் திறந்து காட்டினார். கண்ணாடியில் லேசான தூசிப் படலம், ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்புத் திட்டு. “கண்ணாடியைக் கழுவி நாலு வருஷம் ஆச்சு தம்பி. இதுக்கெல்லாம் கழுவ வேண்டாம். தூசியால கெட்ட கண்ணாடியைவிடத் துடைச்சுக் கெட்ட கண்ணாடிதான் ஜாஸ்தி” என்று பையனிடம் சொன்னார். உண்மை. வீட்டு முகக் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும், இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. உலர்ந்த துணியால் ஒரு தடவை தேய்த்தால் கீறல் நிரந்தரம். மறுபடி பூச்சு போடுவது வெற்றிட அறைக்குள் செய்யும் வேலை, பட்டறையில் ஆகாது. கழுவியே தீர வேண்டும் என்றால்: முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓட விட்டுத் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பஞ்சை அதில் நனைத்து, அழுத்தாமல், பஞ்சின் சொந்த எடையிலேயே இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. கடைசியில் அதே பேட்டரித் தண்ணீரால் அலசி, கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்திக் காய விட வேண்டும். வருடக்கணக்கில் ஒரு முறை போதும்.

இதன் குறைகள்: குழாய் மட்டுமே நாலு அடி நீளம், பைக்கில் போகாது. இரண்டு மாடி ஏற்றினால் அடுத்த நாள் முதுகு சொல்லும். வெளியே வைத்து அரை மணி நேரம் கண்ணாடி ஆற வேண்டும். வண்டியில் கொண்டுபோனால் ஒவ்வொரு முறையும் நேர்ப்படுத்த வேண்டும். நேராக உச்சியில் இருப்பதைத் தொடர்வது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

பைனாகுலரை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்த்திகை அறுமீனை இவ்வளவு அழகாக எந்த டெலஸ்கோப்பும் காட்டாது, முழுக் கூட்டமும் ஒரே பார்வையில் அடங்கும். சேலத்தில் குடியிருந்து மாதம் ஒரு தடவை பஸ்ஸில் ஏற்காடு போகிறவருக்கு இதுதான் சரி. வாங்கும்போது தூரத்து செல்போன் டவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மெதுவாகப் பின்னால் இழுங்கள். உருவம் இரண்டாகப் பிரிந்தால், எப்போதோ கீழே விழுந்து பிரிசம் நகர்ந்திருக்கிறது, வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தது அப்படித்தான் இருந்தது.

எதை வாங்கினாலும் முதல் வேலை ஒன்று உண்டு. பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும், சூரியனைப் பார்க்க என்று. அஸ்தம்பட்டிப் பெட்டியிலும் இருந்தது. கிரகணத்துக்காக வாங்கியது அல்லவா. லென்ஸ் குவிக்கும் வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும், சூட்டில் அது விரிசல் விட்டால் கண் அந்த நொடியே போய்விடும். அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி, அவர் முன்னாலேயே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். பின்னால் வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

அப்புறம் ஃபைண்டர், அதாவது பெரிய குழாயின்மேல் இருக்கும் குறி பார்க்கும் சின்னக் குழாய். பகலிலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டவரின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியை அதிலும் நடுவில் வையுங்கள். இதைச் செய்யாமல் இரவில் வானத்தைத் துழாவி, ஒன்றுமே தெரியவில்லை என்று பரணில் போட்டவர்கள்தான் அதிகம். ஃபோக்கஸர் இறுகியிருந்தால் பல்லில் இருக்கும் பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கடுகளவு போதும். கண்ணாடிப் பக்கம் அந்தத் துணியைக் கொண்டுபோகாதீர்கள். எஸ்.ஆர். 4 என்று அச்சடித்த 4 மி.மீ. ஐபீஸையும், உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற பிளாஸ்டிக் குழலையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். கையில் மிச்சமிருக்கும் பணத்தில் பிளாசல் என்ற வகையில் ஒன்றேகால் அங்குல ஐபீஸ் ஒன்று வாங்கினால் டெலஸ்கோப்பே மாறினது போல் இருக்கும். ஃபோக்கஸரின் வாய் ஒன்றேகால் அங்குலம்தானா என்று முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். மிகப் பழையவற்றில் அதைவிடச் சின்னதாக இருக்கும், அதற்கு ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

சோதித்துப் பார்க்க நமக்குக் கல்யாணத்தில் காட்டும் நட்சத்திரமே இருக்கிறது. பங்குனி முதல் ஆடி வரை முன்னிரவில் வடக்கே வசிட்டரையும் அருந்ததியையும் பிடியுங்கள். வெறும் கண்ணுக்கு இரண்டு. சரியாக இருக்கும் எந்த 60, 70 மி.மீ. டெலஸ்கோப்பிலும் 35 மடங்கிலேயே வசிட்டர் இன்னொரு முறை இரண்டாகப் பிரிவார், பக்கத்திலேயே சின்னதாக ஒரு துணை நிற்கும். பிரியாவிட்டால் எங்கோ கோளாறு. நிலாவைக் காட்டி விற்பவர்களை நம்பி முடிவு செய்ய வேண்டாம், நிலா எந்தக் குழாயிலும் நன்றாகத்தான் தெரியும். நிலா என்றதும் ஒன்று: அதன் வெளுத்த மேட்டுப் பகுதிகள் அனார்த்தசைட் என்ற பாறை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைப்பதும் அந்த வகைதான், சந்திரயான் சோதனைகளுக்கு அந்தப் பாறைத் தூளைத்தான் கொண்டுபோனார்கள். 114ஐப் பார்க்கப் போன அன்று பையனிடம் இதைச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான்.

முடிவு இப்படி ஆயிற்று. அவனுக்கு ஆத்தூர் டாப்சோனியன். ஆசிரியர் ஏழாயிரத்துக்குக் கொடுத்தார், 25 மி.மீ. ஐபீஸ் ஒன்றையும் சேர்த்து. ஐயாயிரம் அவனுடையது, இரண்டாயிரம் நான் போட்டேன். அங்கே அதை மாடி ஏற்ற வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு நாலு அடி. கறுத்த வானம் இருக்கிற இடத்தில் பெரிய கண்ணாடி இருக்கட்டும். அஸ்தம்பட்டி 70 மி.மீ.யும் வீணாகவில்லை. என்னோடு வேலை பார்ப்பவர் சேலத்தில் குகை என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார், அவர் மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தார். மணல் கட்டிக் கொடுத்தது நான்தான்.

டாப்சோனியனை ஆம்னி வேனில் குப்பனூர் வழியாக ஏற்றிக்கொண்டு போனோம். வளைவுகளில் ஆடி ஆடிக் கண்ணாடி நகர்ந்திருந்தது. ஃபோக்கஸர் மூடியின் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அதன் வழியே பார்த்தால், பெரிய கண்ணாடியின் மையத்தில் ஆசிரியர் ஒட்டியிருந்த புள்ளி ஓரமாகத் தெரிந்தது. முதலில் சின்னக் கண்ணாடியின் மூன்று திருகுகளால் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு அடியில் இருக்கும் திருகுகளை அவன் திருப்ப, நான் ஓட்டை வழியே பார்த்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்” என்று சொல்ல, இருபது நிமிடத்தில் முடிந்தது. இருட்டியதும் திருவாதிரையை ஃபோக்கஸ் கலைத்துப் பார்த்தோம். வட்டத்துக்குள் வட்டமாக, சின்னக் கண்ணாடியின் நிழல் நட்ட நடுவில்.

ஓரியனின் வாளில் இருக்கும் நெபுலாவைக் காட்டினேன். பையன் பேசவில்லை. கண்ணை எடுக்காமலே கையால் என்னைத் தள்ளிக் கொஞ்சம் நகரச் சொன்னான். நடுவில் நாலு நட்சத்திரம் நெருங்கி நிற்பதை நான் சொல்லாமலே எண்ணிவிட்டான். ஒன்பது மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. காபிச் செடிகள் முதலில் மறைந்தன, பிறகு வானம். குழாயின் வாயைப் போர்வையால் மூடி உள்ளே எடுத்துப் போனோம்.

ஏற்காட்டில் இனி அவன் போராட வேண்டியது அந்த ஈரத்தோடுதான். யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிக் குழாயின் வாயில் சுருட்டி மாட்டியிருக்கிறான், பனி நேராக இறங்காமல் இருக்க. ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே மூடி போடுகிறான். செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவன் அம்மா சேர்த்துக் கொடுக்கிறாள், குழாயின் இரண்டு மூடிகளுக்குள்ளும் ஒன்றொன்று வைக்கிறான். சித்திரையில் நிலா இல்லாத வாரமாகப் பார்த்து என்னை வரச் சொல்லியிருக்கிறான். ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து அங்கே தெற்கில் முப்பது பாகைக்கு ஏறும். சேலத்து வெளிச்சப் பந்தலுக்கு மேலே அது தெரியுமா என்று பார்க்க வேண்டும்.